ஒன்றே முக்கால்

செவ்வாய்க்கிழமை கிளினிக்.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, என் துண்டு அறுபத்து மூன்று.
வாங்கில் இருபக்கமும்
என்னைப் போல் இரண்டு மடங்கு வயது ஆட்கள்.
"ஆருக்கு மகள் மருந்தெடுக்க வந்தநீங்க?"
எனக்குத்தான் என்றேன்.
அந்த அம்மா என் கையைப் பார்த்தா,
காப்பு முழங்கை வரை ஏறி இறங்கும் கை.

டொக்டர் என்னிலும் இளைய பொடியன்.
சீனி இருநூற்றுப் பதினெட்டு.
பிறஷர் நூற்றைம்பதுக்கு நூறு.
நிறை நாற்பத்தாறு.
எழுதிவிட்டுப் பேனையை மூடினான்,
பிறகு திறந்தான்.
"பிறக்கேக்க எத்தனை கிலோ?"

முப்பத்து மூன்று வயதுக்காரியிடம்
கேட்கிற கேள்வியா அது?
இரண்டு என்றேன்.
மூலை கரையான் தின்ற அட்டையில்
அப்படித்தான் இருக்கிறது.
அதற்கே அவன் தலையை ஆட்டினான்.

பின்னேரம் பஸ் மண்முனைப் பாலத்தில் ஏறுகிறது.
பாலத்துக்கு முன் இங்கே பாதை ஓடியது,
பாதைக்கு முன் சென்றி,
சென்றியில் மேசை, மேசையில் பட்டியல்:
பற்றரி கூடாது.
யூரியா கூடாது.
சீனி அரைக் கிலோவுக்கு மேல் கூடாது.

என் கைப்பையில் இன்னொரு பட்டியல்:
சீனி கூடாது.
உப்பு குறைக்கவும்.
சோறு ஒரு அகப்பை.

அம்மா செத்தல் மீன் கழுவிக்கொண்டிருந்தா.
இரண்டு கிலோ என்று சொன்னதைச் சொன்னேன்.
தண்ணீரை ஊற்றிவிட்டு நிமிராமலே,
"ரெண்டு இல்ல புள்ள. ஒண்டே முக்கால்."

"பாதை ஓடாத கிழமை.
ஊரில தராசு மயில்வாகனத்திட்டத்தான், மீன் தராசு.
வாழையில விரிச்சு உன்னக் கிடத்தின.
மத்தத் தட்டில ரெண்டு கிலோப் படி.
நீ கிடந்த தட்டு மேலயே நிண்டிச்சு.
என்ட முகத்தப் பார்த்தான்.
விரலால தட்ட ஒருக்கா அமத்திப்போட்டு
ரெண்டு எழுதுங்க எண்டான்."

ஊரையெல்லாம் நிறுவையில் ஏய்த்த விரல் அது,
பாரையில், மணலையில், இறாலில்.
அன்றைக்கு ஒருநாள் என் பக்கம் நின்றது.

கால் கிலோ பொய்யோடு பள்ளிக்கூடம் போனேன்.
கால் கிலோ பொய்யோடு வேலைக்கும் போனேன்.
உடம்பு மட்டும் சரியான கணக்கை வைத்திருந்தது.

உள்ளே கிடந்து நான் கேட்டிருப்பேன்,
மரவள்ளி அவிகிற சத்தத்தை,
தன் கோப்பையை அம்மா
அக்காவின் பக்கம் தள்ளுகிற சத்தத்தை.
வெளியே இதுதான் காலம் என்று நம்பியிருப்பேன்.
வந்த கொஞ்சத்தைத் தலைக்குக் கொடுத்தேன்.
சிறுநீரகத்துக்கு அரைவாசி.
கணையத்துக்குக் கையை விரித்தேன்.
எது வந்தாலும் செலவழிக்காதே,
ஒளித்து வை என்று
ஒவ்வோர் எலும்பின் இடுக்கிலும் சொல்லிவைத்தேன்.

பாதை போனது, பாலம் வந்தது.
மேசை இருந்த இடத்தில் ரீலோட் கடை.
என் இரத்தத்துக்கு மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை.
அது இன்னும் தொண்ணூற்றொன்றில்
அரிசிக் குடத்தைப் புதைத்துக்கொண்டிருக்கிறது.

"நான் வடிவாத் திண்டிருக்கோணும் எண்டு
சொல்றானா அந்தப் பொடியன்?"
அம்மாவின் கை மீனுக்குள் நின்றது.

இல்லை அம்மா.
கொப்பியில் ஒரு வரிதான் எழுதினான்:
கருவில் போசாக்குக் குறைவு.
மேசை இல்லை அதில்,
சென்றி இல்லை,
யார் குறைத்தது என்பதும் இல்லை.

இரவு சோறு போட்டா.
ஒரு அகப்பை.
பழக்கத்தில் இன்னொன்று அள்ளி,
என்னைப் பார்த்து,
பானைக்கே திருப்பிக் கொட்டினா.
பிறகு அகப்பையில் ஒட்டியிருந்த பருக்கைகளை மட்டும்
என் கோப்பையில் தட்டிவிட்டு,
கொஞ்சம் கூடத் தெரியட்டும் என்பதுபோல்
விரலால் விளிம்பை
ஒருக்கா அமத்தினா.